மெஷினுக்குப் பூ கட்டியது

நீலகண்ட குருக்களுக்குக் கை கோயிலில், மனசு இரும்பில். உண்ணாமுலையம்மன் சந்நிதியில் பூஜை முடிந்ததும் கொல்லைப்புறக் கொட்டகைக்கு ஓடி, அரத்தை எடுத்து ராவ உட்கார்ந்துவிடுவான். கிணற்று மோட்டாருக்குப் பல்சக்கரம் வேண்டுமென்று வேங்கிக்காலிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். அரத்தால் ராவி மாளாது. அதற்குப் பல் வெட்டும் மில்லிங் மெஷின் வேண்டும்.

"வாங்கித் தரேன்டா. எதுன்னு நீயே பார்த்துச் சொல்லு" என்றார் அண்ணா சோமநாதன். காலில் ஆறாத புண் வந்த பிறகு அவரால் கருவறையில் நிற்க முடியவில்லை. அவருடைய பூஜை முறையும் தம்பி தலையில் விழுந்தது. சேர்ந்தாற்போல் நாலு நாள் ஊரை விட்டு நகர முடியாது. மூச்சு முட்டியது நீலகண்டனுக்கு. மெஷின் தன்னை ஊரில் கட்டிப்போட அண்ணா காட்டும் ஆசை என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

அறுபத்தொன்றில் சென்னை பிராட்வே கடை ஒன்றில் இரண்டைப் பார்த்தான். ஒன்று மேசைமேல் வைப்பது. இரண்டு பேர் தூக்கிவிடலாம். மற்றது ஆள் உயரம். தரையில் சிமெண்டு போட்டு போல்ட் முடுக்க வேண்டும். வேலைக்குப் பெரியதுதான் சுத்தம். சின்னதை ஓட்டிக் காட்டியபோது மேசையே கிடுகிடுவென்று ஆடியது. இருந்தும் அவன் சின்னதையே பிடித்துக்கொண்டான். மெஷினோடு வந்தால் தொழிலில் பங்கே தருவதாகக் கிண்டிப் பட்டறைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். என்றைக்காவது பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாம். தரையில் முடுக்கியதோடு எங்கே கிளம்புவது?

அண்ணா விடவில்லை. "பெரிசுதான் நன்னா ஓடறதுங்கறே, சின்னதுதான் வேணுங்கறே. அம்பாள்கிட்ட பூ கட்டிப் பார்த்துடுவோம். வெள்ளைன்னா பெரிசு, சிவப்புன்னா சின்னது."

கட்ட வேண்டியவன் நீலகண்டன்தான். ஒரு பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை, மற்றதில் செவ்வரளி வைக்க வேண்டும்; கண்ணை மூடி எடுப்பதுதான் அம்மன் வாக்கு. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் நேர்மையாகக் கட்டிக் கொடுத்த கை அன்று திருட்டுத்தனம் செய்தது. இரண்டு இலையிலும் அரளியையே வைத்து, நூல் சுற்றி அம்மன் பாதத்தில் போட்டான்.

வெளியே கோலை ஊன்றி நின்ற அண்ணா திடீரென்று கைகூப்பினார்.

"தாயே, மெஷினைப் பத்தி நான் கேக்கலை. இவன் ஏன் சின்னதுக்கு அடம் பிடிக்கறான்னு எனக்குத் தெரியும். வெள்ளை வந்தா இவன் பட்டணம் போகட்டும். முறையை நான் தவழ்ந்தாவது பார்த்துக்கறேன். சிவப்பு வந்தா இங்கேயே இருக்கட்டும். அப்புறம் அவனும் கேக்கப்படாது, நானும் கேக்கமாட்டேன்."

எதைப் பிரித்தாலும் சிவப்புதான் என்று நீலகண்டனுக்குத் தெரியும். மறுபடி கட்டலாம் என்றால் அண்ணா ஏன் என்பார். காரணத்தைச் சொன்னால், அம்பாளையே ஏமாற்றிய குருக்கள் என்று ஊர் காறித் துப்பும். அண்ணாவாலும் தலைநிமிர முடியாது. பயந்துபோய்ப் பொட்டலங்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். அண்ணாவோடு வந்திருந்த மன்னி மங்களாம்பிகை கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

"சிவப்பு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அண்ணாவின் முகம் விழுந்துவிட்டது. "வெள்ளை வரணும்னுதான்டா நான் வேண்டிண்டேன்" என்றார். "அவ விடமாட்டேங்கறா. போறது, பெரிய மெஷினையே வரவழைச்சுடு. இனிமே எங்கே தூக்கிண்டு போகப் போறே?"

தட்டில் மிச்சமிருந்த பொட்டலத்தைப் பிரிக்காமலே மடியில் செருகிக்கொண்டான் நீலகண்டன்.

"சரிண்ணா" என்றான்.