வரப்பில் கிடந்த சிவப்பு ஷூ

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவியில் வருகிற ‘நீலச்சிறகன்’ தொடரைப் பார்க்கிறவர்களுக்கு நிருபர் நிலாவைத் தெரிந்திருக்கும். முதுகில் பை, கையில் செல்போன், காலில் சிவப்பு ஷூ என்று எங்கே பிரச்சினை நடந்தாலும் முதல் ஆளாக ஓடி வந்து நிற்பாளே ஒரு பள்ளிக்கூடத்துப் பெண், அவளேதான். அந்த நிலாவாக நடிப்பது நான். சொந்தப் பெயர் வினோதினி. ஊர் மரக்காணம்.

நீலச்சிறகனுக்குப் பறக்கத் தெரியும், லாரியை ஒரு கையால் நிறுத்தத் தெரியும். நிலாவுக்குத் தெரிந்ததெல்லாம் கேள்வி கேட்பது மட்டும்தான். “நீங்க யாரு? எங்க இருந்து வர்றீங்க? எதுக்கு முகத்த மூடிக்கிறீங்க?” என்பாள். அவன் பதில் சொல்லாமல் பறந்துவிடுவான். அவன் அந்தப் பக்கம் போனதும் வில்லனின் ஆட்கள் இந்தப் பக்கம் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவள் கத்துவாள். அவன் திரும்பி வந்து காப்பாற்றுவான். நிருபர் என்று பெயரே தவிர, சம்பளம் பூராவும் தொண்டைக்குத்தான். ஆனாலும் எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. எத்தனை தடவை கடத்தினாலும் அடுத்த வாரம் அதே செல்போனோடு, அதே கேள்வியோடு வந்து நிற்கிறாள் பாருங்கள், அந்தத் திமிர் யாருக்கு வரும்?

எனக்கு இந்த வேலை கிடைத்ததே ஒரு கூத்து. அப்போது ப்ளஸ் ஒன் முடிந்து கோடை விடுமுறை. வில்லன் குடியிருக்கும் வேற்றுக்கிரகம் வெள்ளைவெளேர் என்று இருக்க வேண்டும் என்று எங்கள் ஊர் உப்பளத்தில் படப்பிடிப்புக்காகச் சில பாத்திகளை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நிலாவாக நடிக்கச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். நல்ல பெண், அழகாகவும் பேசினாள். ஆனால் வரப்பில் ஓடச் சொன்னால் பாத்திக்குள் விழுந்தாள். உப்புத் தண்ணீர் கண்ணில் பட்டு ஒரு நாள் முழுக்க அழுதாள், மறுநாள் அம்மாவோடு காரில் ஏறிவிட்டாள். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எங்களிடம் உதவி இயக்குநர் சத்யப்ரியா அக்கா வந்து, “இந்த வரப்புல விழாம யாரு ஓடுவீங்க?” என்று கேட்டார். இது ஒரு கேள்வியா? ஓடிக் காட்டினேன். டைரக்டர் பரத் சார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“கத்தத் தெரியுமா?”

“எங்கம்மாவ வேணா கேட்டுப் பாருங்க சார்” என்றேன்.

அம்மா பக்கத்துப் பாத்தியில்தான் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். அம்மா பெயர் பாஞ்சாலை. உப்பு வாருகிற பலகையோடு வரப்பேறி வந்து டைரக்டரை நன்றாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எங்கயும் கூட்டிட்டுப் போவக் கூடாது. என் கண்ணு முன்னாடி இங்கயே நடிக்கட்டும்” என்று சொன்னாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

பாதிப் படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் கடைசி எபிசோடில் நிலா செத்துப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சத்யப்ரியா அக்கா பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. நேராக டைரக்டரிடம் போய் நின்றேன்.

“அவ எதுக்கு சார் சாவணும்?”

“அப்பதாம்மா நீலச்சிறகனுக்குக் கோவம் வரும். வந்தாத்தான் வில்லன அழிப்பான்.”

“அவருக்குக் கோவம் வர்றதுக்கு நான் ஏன் சார் சாவணும்? வேற எதுனா சொல்லி ஏத்தி வுடலாமில்ல?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்து, “நீ நல்லா பண்ற வினோதினி. கதை அப்படிம்மா. நிலா இருந்தா அடுத்த சீசன்லயும் நீ இருப்ப, எனக்கும் ஆசைதான். ஆனா சேனல்ல ஓகே பண்ணிட்டாங்க” என்றார். அடுத்த சீசன் என்ற வார்த்தை அன்றைக்கு என் காதில் ஏறியது. அதற்குப் பிறகு இறங்கவே இல்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா அதைவிட ஒரு படி மேலே போய்விட்டாள். “நடிப்பாம் நடிப்பு. பெத்தவ பாக்குறாப்ல புள்ள செத்துக் கெடக்கும், அத நான் உக்காந்து பாக்கணுமா? அன்னிக்கு டிவிய நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்” என்றாள். ‘செத்து’ என்று சொன்ன வாயோடு, சொன்ன தோஷம் போகக் கதவுக்கட்டையை மூன்று முறை தட்டினாள். சாவுக் காட்சி எடுத்த அன்று அம்மா உப்பளத்துக்கே வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். காய்ச்சலெல்லாம் ஒன்றுமில்லை.

சினிமாவில் எல்லாமே தலைகீழ். முதல் நாள் சாக வேண்டும், மறுநாள் சாவதற்காக ஓடி வர வேண்டும். முதல் நாள் நன்றாகவே செத்தேன். நீலச்சிறகன் என்னை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்து அழுதார். என் சிவப்பு ஷூ இரண்டும் காற்றில் ஆடின. அவர் அழுதது அவ்வளவு இயல்பாக இருந்ததால் பிணமான எனக்கே எழுந்து அவர் கண்ணைத் துடைத்துவிடலாம் போல இருந்தது. அன்று மாலையே அவருடைய தேதிகள் முடிந்து கிளம்பிவிட்டார்.

மறுநாள் ஓட்டம். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழை வந்தால் பாத்தியில் உப்பு கரையும், படப்பிடிப்பும் கரையும். மிச்சமிருந்த புகைக் குண்டுகள் ஒரே ஒரு டேக்குக்குத்தான் காணும். வரப்பில் ஓடி வந்து, பாத்திக்குள் இறங்கி, புகைக்குள் ஓடி மறைய வேண்டும், அவ்வளவுதான். அம்மா அன்று வேலைக்கு வந்திருந்தாள். தள்ளி ஒரு பாத்தியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆக்‌ஷன்!”

ஓடினேன். இதுதான் நிலாவின் கடைசி ஓட்டம் என்று நினைத்ததும் அழுகை தானாக வந்தது. கேமரா என் கூடவே வந்தது. புகை குபுகுபுவென்று எழும்பியது. “நீலச்சிறகா!” என்று என் வாழ்நாளில் கத்தாத கத்தலாகக் கத்திக்கொண்டு வரப்பு முனைக்கு வந்து, பாத்தியில் இறங்கி, புகைக்குள் மறைந்தேன். எனக்கே திருப்தியாக இருந்தது. கை தட்டுவார்கள் என்று காத்திருந்தேன்.

கை தட்டவில்லை. சத்யப்ரியா அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“ஷூ எங்கடி?”

குனிந்து பார்த்தேன். வெறுங்கால். திரும்பிப் பார்த்தேன். வரப்பு முனையில் சிவப்பு ஷூ இரண்டும் ஜோடியாகக் கிடந்தன.

எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். உப்புப் பாத்தியில் யாரும் செருப்போடு இறங்க மாட்டார்கள். தரையை நாள்கணக்கில் காலால் மிதித்து மிதித்து இறுக்கி வைத்திருப்பார்கள். செருப்பு பட்டால் அது பெயர்ந்து, சேறு கலந்து, உப்பு பழுப்பாகிவிடும். நடக்கப் பழகின நாளிலிருந்து செருப்போடு இறங்கி முதுகில் அறை வாங்கி வளர்ந்த கால் இது. நான் அழுதுகொண்டிருந்தேன், வாய் கத்திக்கொண்டிருந்தது, கால் அதுபாட்டுக்கு வரப்பு முனையில் ஒன்றை ஒன்றால் உரசி ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கிவிட்டது. அதுவரை என் காட்சிகளெல்லாம் வரப்பிலும் மேட்டிலும்தான். பாத்திக்குள் இறங்கினது அன்றைக்குத்தான் முதல் தடவை. முதல் நாள் செத்துக் கிடந்ததுகூட மேட்டில்தான்.

“வெறுங்கால்ல ஓடுனவ அடுத்த ஷாட்ல ஷூவோட செத்துக் கெடப்பாளா?” என்று டைரக்டர் யாரையும் பார்க்காமல் கேட்டார்.

“கிராபிக்ஸ்ல ஷூ போட்டுடலாமா சார்?” என்றார் கேமராமேன்.

“பறக்குறதுக்கே நமக்கு கிராபிக்ஸ் பத்தல” என்றார் சத்யப்ரியா அக்கா.

மறுபடி எடுக்கப் புகை இல்லை. தூக்கி அழ ஹீரோ இல்லை. அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. கேமராவுக்குக் குடை, விளக்குக்குத் தார்ப்பாய் என்று ஆளாளுக்கு ஓடினார்கள். டைரக்டர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். “எடிட்ல பாத்துக்குறேன், நீ போம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு வேனில் ஏறினார். நான் வெறுங்காலோடு நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். ஷூவைப் பற்றி யாருக்கும் ஞாபகம் இல்லை, எனக்கும்தான்.

பின்னால் வந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு விளங்கவே இல்லை.

“கழட்டிட்டு எறங்குனதுல இன்னாடி தப்பு? நல்லாத்தான ஓடுன?” என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு போனும் இல்லை. ஆகஸ்டில் தொடர் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் “நீங்க யாரு? எங்க இருந்து வர்றீங்க?” என்று கூவினார்கள். வரலாறு டீச்சர்கூட ஒரு நாள் கேட்டார். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வாரம் போகப் போகக் கடைசி எபிசோடை நினைத்துக் காலண்டரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எப்படியாவது வெட்டி ஒட்டி நிலாவைக் கொன்றிருப்பார்கள், அத்தோடு என் கதையும் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவள் கேட்ட ஒரு கேள்விக்குக்கூட அவன் பதில் சொல்லவில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. மழைக்காலம் தொடங்கி உப்பளத்தில் வேலை நின்றுபோயிருந்தது. தெருவில் பாதிப் பேர் எங்கள் வீட்டில். எதிர்வீட்டு வேலம்மாள் அத்தை டிவிக்கு முன்னால் முதல் வரிசை பிடித்துக்கொண்டார். அம்மா சொன்ன சொல் மாறவில்லை. டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

நிலா வரப்பில் ஓடி வந்தாள். புகை எழும்பியது. “நீலச்சிறகா!” என்று அவள் கத்தினதும் அம்மாவின் கை நின்றது. நிலா புகைக்குள் மறைந்தாள். பெரிய வெடிச்சத்தம். திரை முழுக்க வெள்ளை. அடுத்து நீலச்சிறகனின் முகம், வானத்தைப் பார்த்து அழுகிறது. அன்றைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு அழுத அதே அழுகை.

போச்சு, கொன்றுவிட்டார்கள் என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது. வேலம்மாள் அத்தை, “அய்யோ, எம் பொண்ணு பூட்டாளே!” என்று நிஜமாகவே ஒப்பாரியை ஆரம்பித்தார்.

ஆனால் அவன் கைகளைக் காட்டவில்லை. என் உடம்பைக் காட்டவில்லை. புகை கொஞ்சம் கொஞ்சமாக விலக, வரப்பு முனையில் இரண்டு சிவப்பு ஷூ மட்டும் ஜோடியாகக் கிடந்தன. அவன் அழுகிறான், ஷூ. மறுபடி அழுகிறான், மறுபடி ஷூ. சோகமான வயலின் வேறு.

அத்தையின் ஒப்பாரி தாங்காமல் அம்மா எழுந்து வந்தாள். கத்தியும் கையுமாக நின்று டிவியை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

“யக்கா, எதுக்கு இப்ப அழுவுற? செருப்பு வரப்புல கெடக்குது பாரு. ஆளு உள்ளதான் இருக்குறா” என்றாள்.

எல்லோரும் திரையில் கிடந்த ஷூவை உற்றுப் பார்த்தார்கள். பிறகு அத்தை மூக்கைச் சிந்திவிட்டு, “அட, ஆமாம்ல” என்றார். அதற்கப்புறம் ஒரே சிரிப்பு. வேலை நேரத்தில் உப்பளத்தில் ஒருவரைத் தேடினால் முதலில் வரப்பில் செருப்பைத்தான் தேடுவோம். செருப்பு கிடந்தால் ஆள் பாத்தியில் இருக்கிறார். செருப்பு இல்லையென்றால்தான் வீட்டுக்குப் போய்விட்டார் என்று அர்த்தம். டிவிக்குள் நீலச்சிறகன் ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தான். “ஏம்பா, எறங்கித் தேடுப்பா!” என்று பின்வரிசையிலிருந்து யாரோ அவனுக்கு யோசனை சொன்னார்கள். நிலா சாகவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டைரக்டருக்குத் தெரியுமா என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. இடது கையால் ஸ்பீக்கரில் போட்டேன். சத்யப்ரியா அக்கா.

“எபிசோடு பாத்தியாடி? நிலா எங்க, நிலா எங்கன்னு சேனலுக்கு ஒரே மெசேஜ். சாகடிச்சுடாதீங்கன்னு சின்னப் பசங்க எல்லாம் அழுவுதுங்களாம். சாகடிக்கல, அடுத்த சீசன்லயும் நிலா உண்டுன்னு முடிவு பண்ணிட்டாங்க” என்றார். நான் எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டேன். “ஆனா ஒரு பிரச்சினை. அந்தச் சிவப்பு ஷூதான் இப்ப நம்ம தொடருக்கே அடையாளம். அது எங்க போச்சுன்னே தெரியல. ஆபீஸ் பூரா தேடிட்டோம். உங்க ஊர்ல யாருனா எடுத்து வெச்சிருந்தா வாங்கிக் குடுத்தனுப்பு.”

“மழையில போயிருக்கும்கா” என்று நான் இழுத்தேன்.

அம்மா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். பரணிலிருந்து ஒரு துணிக்கடைப் பையை இறக்கினாள். உள்ளே சிவப்பு ஷூ இரண்டும் உப்புப் பூக்காமல் கழுவிக் காய வைத்து, வடிவம் கெடாமல் உள்ளே செய்தித்தாள் திணித்து, புத்தம் புதுசாக இருந்தன.

“அன்னிக்கு மழையில நான்தான் எடுத்தாந்தேன்” என்று சொல்லிவிட்டு, போனைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். “குடுத்தெல்லாம் அனுப்ப முடியாதும்மா. எம் பொண்ணு போட்டுக்கிட்டே வருவா!”