கெளுத்தி முள்

இப்போதெல்லாம் எவனும் எவன் முகத்தையும் பார்த்துப் பேசுவதில்லை. வாய் ஒரு பக்கம், கண் பொட்டியில். ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில், அன்புக்கரசி என்று பேர் அட்டை மாட்டியிருந்த பெண்ணும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

“இன்னா பாம்பு, பெரியவரே?”

தேசப்பன் இரண்டு கையையும் கவுண்ட்டரில் ஊன்றி நின்றார். மகன் குமாரவேலை மார்ச்சுவரிக்கு எடுத்துப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

“கடல் பாம்பு. வாலு துடுப்பாட்டம் தட்டையா இருக்கும். அப்பால பாத்தா வலைலயே கெடக்குது.”

“தெரியாம கடிச்சதா, அவரே கடிக்க வுட்டுகினாரா, வேற ஆளு செஞ்சதா?”

“பாம்பு இன்னா நாயா, சூ காட்டி வுடறதுக்கு?”

“நான் கேக்கல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் கீது. அத்த போட்டாதான் அடுத்த பக்கம் தொறக்கும். எப்போ கடிச்சிது?”

“விடிகாலைல. வல இழுக்கசொல்லோ.”

“இங்க வந்தது சாயங்காலம் நாலு மணின்னு எழுதியிருக்கே. அதுவரைக்கும்?”

தேசப்பன் கவுண்ட்டரிலிருந்து கையை எடுத்தார்.

‘நைனா, இன்னாமோ குத்திச்சி’ என்று விடிகாலையில் குமாரவேல் விரலைக் காட்டினான். ரத்தம்கூட இல்லை. ‘கெளுத்தி முள்ளு. இதுக்குப் போயி பேஜாரு பண்ற. இழு’ என்றார். நாற்பது வருஷத்தில் அவர் கையில் குத்தாத கெளுத்தி இல்லை. கரைக்கு வந்து மீனைப் பிரிக்கும்போது அவன் இமை இரண்டும் பாதிக்கு இறங்கிக் கிடந்தன. ‘கண்ண தொறக்க முடியல நைனா.’ ‘ராவெல்லாம் செல்லு நோண்டினா எப்டி தொறக்கும்? போயி தூங்கு.’ இமையை இறக்கியது விஷம் என்று இங்கே டாக்டர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் போய்ப் படுத்தான். அதற்கு முன் அவன் ஒருநாளும் சொன்ன பேச்சு கேட்டதில்லை.

“தெரியாம கடிச்சதுன்னு போட்டுடறேன்,” என்றாள் அன்புக்கரசி.

“வாணாம். வேற ஆளுன்னு சொன்னியே, அத்த போடு.”

அப்போதுதான் அவள் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

“அது வேணும்னே ஒருத்தர் பாம்ப வுட்டு கடிக்க வெச்சா போடறது. இதுல யாரு மேலயும் தப்பு இல்ல பெரியவரே. ஆக்சிடென்ட்.”

“நீ போட்ல இருந்தியா?”

அவள் ஒரு தட்டு தட்டினாள். பிரிண்டர் காகிதத்தைத் துப்பியது. காட்டிய இடத்தில் தேசப்பன் தன் பேரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். எழுதத் தெரிந்தது அது ஒன்றுதான்.

வெளியே வாட்ச்மேன் நாற்காலியில், நெஞ்சின்மேல் செல்போன் கிடக்க, இமை சொருகி உட்கார்ந்திருந்தான். தேசப்பன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“கண்ண தொற.”

“இன்னா பெருசு, எங்க போவணும்?”

அவன் இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்திருக்கிறதா என்று ஒன்று மாற்றி ஒன்றாகக் குனிந்து பார்த்தார்.

“அந்தப் பொண்ணு தப்பு நம்பரு போட்டுகிது,” என்று அவனிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கி நடந்தார்.