முந்தி வந்த முகடு

வீட்டில் சின்னவளுக்கு அவசரக்குடுக்கை என்று ஒரு பட்டம் உண்டு. தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவளுக்கு இருக்கவே கூடாத குணம். ஆனால் அன்று திரையில் தட்டையாக ஓடிக்கொண்டிருந்த கோடு சட்டென்று நிமிர்ந்து முகடாக எழும்பியபோது, எப்பேர்ப்பட்ட பொறுமைசாலியாலும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது. துள்ளி எழுந்தாள். எழுந்த வேகத்தில் அக்காவுக்குப் போன் போட்டு, அவள் சந்தேகப்பட்டது தண்ணீரில் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

அது அக்கா அனுப்பிய தண்ணீர். அவள் குடியிருக்கும் காலனிக்குப் புதிதாக ஆழ்துளைக் கிணறு போட்டு, மேல்நிலைத் தொட்டியும் கட்டியாகிவிட்டது. அன்று சாயங்காலம் வால்வைத் திறப்பதாக ஏற்பாடு. கிணற்றை ஒட்டி இருப்பதோ, தீயணைப்புப் பயிற்சிக்காக வருஷக்கணக்கில் நுரையைக் கொட்டிய பழைய மைதானம். அந்த நுரையின் ரசாயனம் மண்ணுக்குள் இறங்கினால் லேசில் அழியாது. நாக்குக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. சோதிக்காமல் திறக்கக்கூடாது என்று பெரியவள் ஒற்றை ஆளாக மல்லுக்கு நின்றாள். தெருவே சிரித்தது. காலனித் தலைவர் அவளுக்கு விஞ்ஞானி என்று பெயர் வைத்தார். அத்தான்கூட, உனக்கு ஏன் இந்த ஊர் வம்பு என்றார்.

ஆய்வகத்தின் நிறை அளக்கும் கருவிக்கு யார் சிரித்தால் என்ன. சொட்டுத் தண்ணீரைப் பொடி அடைத்த ஒரு குழலுக்குள் செலுத்தினால், அதிலுள்ள பொருள் ஒவ்வொன்றும் தன் தன் நேரத்துக்கு வெளியே வரும். வந்ததை மின்னேற்றிப் பறக்கவிட்டு, எடை போட்டு, இன்னார் என்று சொல்லிவிடும். ஒரு குளத்துத் தண்ணீரில் ஒரு சிட்டிகை கிடந்தாலும் தப்பாது.

போனை வைத்த பிறகுதான் சின்னவளுக்கு உறைத்தது. வெற்று நீரை ஓட்டவே இல்லை. எதுவும் கலக்காத சுத்த நீரை முதலில் ஓட்டி, கோடு தட்டையாகக் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மாதிரியைத் தொடவேண்டும். இந்தத் தொழிலின் அரிச்சுவடி அது. இப்போது ஓட்டினாள். சுத்த நீரிலும் அதே இடத்தில் முகடு நின்றது. கொஞ்சம் குட்டை, ஆனால் அதே ஆசாமி.

மறுபடி அக்காவை அழைத்து, அவசரப்பட்டுவிட்டேன், கருவியே அழுக்காக இருக்கலாம் என்றாள். பெரியவள் சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அந்த ஒரு சொல் சின்னவளைப் பிடுங்கித் தின்றது. தெருவுக்கு முன்னால் அக்காவின் மானத்தை வாங்கிவிட்டோமே!

கருவிகளைக் கழற்றி மாட்டும் சக ஊழியனுக்குத் திருப்புளி என்று பட்டப்பெயர். அவனையும் இழுத்துக்கொண்டு வந்தாள். கையுறை, புட்டி, மூடி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். முகடு அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் திருப்புளி பம்பைத் திறந்து உள்ளேயிருந்த வெள்ளைக் குழாய்களைக் காட்டினான். ஒட்டாத வாணலிக்குப் பூசுகிற அதே சாமான். அந்த நுரை ரசாயனத்துக்கு நெருங்கிய சொந்தம், அதையே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவும் விடும்.

"திருடன் வீட்டுக்குள்ளயே இருக்கான். புதுக் குழாய் வர ஒரு வாரமாவது ஆகும்."

"மாத்த வேண்டாம். அவன லேட்டா வர வெச்சாப் போதும்," என்றாள் சின்னவள்.

பம்புக்கும், மாதிரி உள்ளே ஏறும் வாசலுக்கும் நடுவில் இன்னொரு குழலை மாட்டினால், பம்பிலிருந்து கிளம்பும் அழுக்கு இரண்டு குழல்களைத் தாண்டி வரவேண்டும். தண்ணீரில் இருப்பதற்கோ ஒன்றுதான். வீட்டுத் திருடன் பிந்துவான், வெளித் திருடன் முந்துவான். திருப்புளி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு இழுப்பறையைக் குடையத் தொடங்கினான்.

இந்தத் தடவை வெற்று நீர் முதலில். பழைய இடத்தில் கோடு தட்டை. தள்ளிப்போய், பிந்தி ஒரு முகடு. பம்பின் அழுக்கேதான். அடுத்து அக்காவின் தண்ணீர். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கோடு கிடந்தது, கிடந்தது, பிறகு ஜிவ்வென்று ஏறியது. பழைய இடத்திலேயே, நெட்டையாக. பின்னாலேயே குட்டையாக இன்னொன்று. திருப்புளி மேசையைத் தட்டினான். சின்னவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனாலும் போனைத் தொடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினாள். முகடு முந்தியே வந்தது. அளவோ, குடிநீருக்கு உள்ள எல்லையைத் தாண்டி எங்கேயோ நின்றது.

அக்கா போனை எடுத்தபோது பின்னால் ஒரே கூச்சல். வால்வுச் சக்கரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறாளாம். தலைவர் இறங்கச் சொல்லிக் கத்துகிறாராம்.

"அக்கா, தண்ணியிலதான் இருக்கு. ரெண்டு தரம் பாத்துட்டேன்."

"சரி."

"மிஷின் அழுக்கா இருக்கலாம்னு சொன்னேனே, அப்பறமும் ஏன் அங்கயே உக்காந்திருக்க? தப்பாப் போயிருந்தா?"

"நீ ரெண்டாவதா சொன்னத நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லியிருந்தா இந்நேரம் தொறந்திருப்பாங்க," என்றாள் பெரியவள். "தப்பாப் போனா என் மானம் போகும், அவ்வளவுதானே. குடிச்ச தண்ணிய யாராவது திருப்பி எடுக்க முடியுமா?"

சின்னவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பெரியவள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பேசுடி, எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்க என்றாள்.