காது விட்டுப் பின்னிய குல்லாய்

பிறந்தநாள் இல்லை, ஆயுத பூஜை இல்லை, சம்பள நாள்கூட இல்லை. ஜனவரியில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. பீன்யா தொழிற்பேட்டையில் ஷெட் கூரையை விட்டு இன்னும் பனி விலகவில்லை. அன்றைக்குப் போய் கேண்டீன் ஷோபா காபியோடு ஒரு பொட்டலத்தையும் நாகேஷின் கையில் வைத்தாள். பிரித்தால் பச்சைக் கம்பளிக் குல்லாய். காதை மூட வேண்டிய இடத்தில், இரண்டு பக்கமும் வேண்டுமென்றே விட்ட பெரிய ஓட்டை.

"நானே போட்டதுண்ணா. மாட்டிப் பாருங்க," என்றாள், அவன் முகத்துக்கு நேராக வந்து நின்று.

நாகேஷ் அதை மாட்டாமல் மடித்துப் பைக்குள் திணித்தான்.

விஷயம் இதுதான். இருபத்திரண்டு வருஷம் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டிய சத்தத்தில் அவனுக்குக் காது பாதிக்கு மேல் போய்விட்டது. மனைவி வீணாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தான். குளிர்காலமும் கைகொடுத்தது. யாராவது கூப்பிட்டு அவன் திரும்பாவிட்டால், "குல்லா போட்டிருந்தேன்பா, கேக்கல" என்று சமாளித்துவிடலாம். ஆனால் வியாழக்கிழமை கம்பெனியில் எல்லோருக்கும் காதுப் பரிசோதனை. போன வருஷம் அதில் தேறாத அலெக்சாண்டரை மெஷினிலிருந்து எடுத்து கேட்டில் உட்கார வைத்தார்கள். இரண்டே மாதத்தில் கேட்டிலும் அவன் இல்லை. நாகேஷுக்கு வேறு தொழில் தெரியாது. மகள் இன்னும் காலேஜ் முடிக்கவில்லை.

இந்த நேரத்தில் இப்படி ஒரு குல்லாய். குளிருக்குப் போடுகிறவன் காதை வெளியே விடுவானா? அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவளுக்குத் தெரிந்தால் கேண்டீனுக்கே தெரிந்த மாதிரி.

மெஷினுக்கு வந்தால் அங்கே இன்னொன்று. அவன் கண் மட்டத்துக்கு, சைக்கிளில் மாட்டுகிற வட்டக் கண்ணாடி ஒன்றை யாரோ கிளாம்ப் போட்டு முடுக்கியிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் யார் வந்தாலும் அதில் தெரிந்தது. பக்கத்து மெஷின் கில்பர்ட் நிமிர்ந்தே பார்க்காமல் வேலை செய்துகொண்டிருந்தான். அந்த ஒன்றே போதும், அவன் வேலைதான் என்று சொல்ல.

நாள் முழுக்க நாகேஷுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்ணாடியில் யார் தலை தெரிந்தாலும் தன்னை அழைத்துப் போகத்தான் வருகிறார்கள் என்று பட்டது. ஸ்டோர்ஸ்காரன்மேல் சந்தேகம் வந்தது, பிறகு கம்பெனி பஸ் டிரைவர்மேல், கடைசியில் வீணாமேலேயே. யாரிடமாவது சொன்னாயா என்று மதியம் அவளுக்கு மெசேஜ் போட்டான். "சத்தியமா இல்ல. சாப்டீங்களா?" என்று வந்தது. அவளைப் போய்க் கேட்டோமே என்று இருந்தது. சோறு இறங்கவில்லை.

மூன்றரைக்கு ஷிப்ட் முடிந்து பிரஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன. நாகேஷ் கில்பர்ட்டின் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"யார்ரா உனக்குச் சொன்னது?"

கில்பர்ட் உதடு தெரியும்படி, நிதானமாகச் சொன்னான். "நீதாண்ணா."

"நானா?"

"போன வாரம் ஸ்கிராப் குவியலுக்குப் பின்னாடி நின்னு அண்ணிகிட்ட போன்ல பேசினே இல்ல? காது கேக்கல, டெஸ்ட் வருது, யாருக்கும் சொல்லிடாதேன்னு. கேண்டீன்ல எல்லாரும் சாப்டுட்டிருந்தோம். அப்படியே கை நின்னுடுச்சு."

அன்று வாயைக் கையால் பொத்திக்கொண்டு, குசுகுசுவென்று பேசியதாகத்தான் அவன் நினைத்திருந்தான். அவமானத்தில் முகம் எரிந்தது. மாதக்கணக்கில் கட்டிக்காத்த ரகசியத்துக்குத் தானே தண்டோரா போட்டிருக்கிறான், அதுவும் சோற்று நேரத்தில்.

"அப்போ கிருஷ்ணப்பா சாருக்கும்?"

கில்பர்ட் கண்ணாடியைக் காட்டினான். அதில் சூப்பர்வைசர் கிருஷ்ணப்பா வந்துகொண்டிருந்தார்.

அவர் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளே, வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்கிற லென்ஸ்.

"அவென்யூ ரோடு பூரா சுத்தி வாங்கினேன்," என்றார். "இன்ஸ்பெக்ஷன் டேபிள்ல ரெண்டு மாசமா ஆள் இல்ல. பீஸ்ல கீறல் பாக்க காது எதுக்கப்பா? மேனேஜர்கூட மாத்தாடி, எல்லாம் பேசி முடிச்சாச்சு. வியாழக்கிழமை டெஸ்ட்டுக்குப் போ, உள்ளதச் சொல்லு. நாளைலேர்ந்து அந்த டேபிள்ல கூத்கோ, உக்காந்துக்கோ."

நாகேஷ் லென்ஸையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். காலையிலிருந்து யார் யாரையெல்லாம் மனசுக்குள் திட்டித் தீர்த்தான். நாலு பேர் முன்னால் அழுதுவிடக் கூடாதே என்று அவர் காதோரம் குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்திச் சொன்னான்.

"ரொம்ப தேங்க்ஸ் சார். அழுகையா வருது. யாருக்கும் சொல்லிடாதீங்க."

கிருஷ்ணப்பா காதைத் தேய்த்துக்கொண்டார். நாகேஷ் நிமிர்ந்தபோது வட்டக் கண்ணாடி கண்ணில் பட்டது. ஷெட்டின் அந்தக் கோடியில் கைகழுவிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் இவன் பக்கம் திரும்பி, சொல்ல மாட்டோம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.