சாமி, தரம் இரண்டு

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பஸ்ஸில் மெர்சிலின் எத்தனை முறை வாந்தி எடுத்திருக்கிறாள் என்று கண்டக்டரைக் கேட்டால் சொல்வார். மலை வளைவுகள் தொடங்கியதும், அவர் ஒரு வார்த்தை பேசாமல் வந்து அவள் பக்கத்து ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டு, பின் சீட்டுக்காரரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டுப் போவார். அதில் கோபமும் இருக்காது, பரிதாபமும் இருக்காது. டிக்கெட் கிழிப்பது போல அதுவும் ஒரு வேலை.

மெர்சிலினுக்கு மலையில் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை. வேலைதான் அவளை ஏற்றியது. ‘மலையரும்பு’ என்று மலை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு கம்பெனி. எட்டு ஊர்களில் அவர்களுக்குக் கொள்முதல் நிலையம் உண்டு. சாமை, தினை, கொள்ளு எல்லாம் அங்கே வரும். தராசில் ஏற்றினால் கம்ப்யூட்டரே எடையை வாங்கிக்கொண்டு, ஈரப்பதத்தைப் பார்த்துத் தரம் போட்டு, ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுக்கும். அந்தப் புரோகிராமை எழுதியவள் மெர்சிலின். நெட் அறுந்துபோனாலும் ஓட வேண்டும், தராசோடு ஒயர் வழியாகப் பேச வேண்டும் என்பதால், அதை வெப்சைட்டாக இல்லாமல் கம்ப்யூட்டரிலேயே குடியிருக்கும் புரோகிராமாகச் செய்திருந்தாள்.

குடியிருப்பதில்தான் சங்கடம். ஒரு சின்ன மாற்றம் என்றாலும் பென்டிரைவை எடுத்துக்கொண்டு எட்டு ஊருக்கும் அவளே போக வேண்டும். மூன்று நாள் ஆகும். நான்காம் நாள் மோரும் சாதமும் தவிர எதுவும் இறங்காது.

போன ஐப்பசியில் அவள் இதற்கு ஒரு முடிவு கட்டினாள். ஒரு வெப் பக்கம் செய்தாள். அதில் ஒரே ஒரு பச்சைப் பட்டன். நிலையத்தில் இருப்பவர் பிரவுசரைத் திறந்து அதை அழுத்தினால் போதும், புரோகிராம் தானே இறங்கித் தானே உட்கார்ந்துகொள்ளும். அதன்பிறகு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது தன் தாய்வீட்டைக் கேட்கும்: புதிதாக ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எடுத்துக்கொள்ளும். நெட் இல்லாவிட்டால் பழையதையே வைத்து ஓட்டும். எட்டு ஊர்க்காரர்களும் போனில் அவள் சொல்லச் சொல்ல பட்டனை அழுத்தினார்கள். எட்டிலும் வேலை செய்தது.

“இனிமே நீ மலைக்கே வர வேணாம் போ,” என்றார் மேனேஜர் தேவராஜ். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

அன்று மெர்சிலின் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் நிதானமாக உட்கார்ந்து இரண்டு மசால் தோசை சாப்பிட்டாள். எந்த வளைவையும் நினைக்காமல் சாப்பிட்டாள்.

கார்த்திகையில் சாமை அறுவடை தொடங்கியது. சீட்டில் எழுத்து பொடியாக இருக்கிறது, படிக்க முடியவில்லை என்று மலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்வந்த பிறகு உட்கார்ந்து எழுத்தைப் பெரிதாக்கினாள். பழைய எழுத்துரு பெரிதானால் உடைந்தது. அதனால் தானியப் பெயர்களைப் புதிதாக அடித்தாள். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் முறை அவளுடையது. எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள். எழுத்து நன்றாகப் பெரிதாக இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அனுப்பிவிட்டாள்.

திங்கள் காலை ஒன்பதரைக்கு வேங்கையூர் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் சக்திவேல் போன் செய்தான்.

“மேடம், இன்னா மேடம், சீட்டு ஒரே பக்தியா வருது?”

“என்ன பக்தி?”

“நீங்களே கேளுங்க. சாமி, அறுபத்திரண்டு கிலோ. ஈரம் பதினொண்ணு. தூசு தும்பு ஒரு கிலோ. தரம் ரெண்டு.” கொஞ்சம் நிறுத்தினான். “சாமியில ஒரு கிலோ தூசு தும்பு கீதாம் மேடம். க்யூல நிக்கிறவங்க சிரிச்சிக்கினு கீறாங்க.”

சாமை என்று அடிக்கும்போது ஓர் எழுத்தை விரல் விழுங்கியிருக்கிறது. அவ்வளவுதான், சாமை சாமியாகிவிட்டது. பென்டிரைவ் காலத்தில் அவள் செய்த தப்பு ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போக, பஸ் கிடைத்தால், அரை நாள் ஆகும். இப்போது கடை திறந்த கால் மணி நேரத்தில் எட்டு ஊரிலும் சாமியைக் கிலோ கணக்கில் நிறுத்துக்கொண்டிருந்தார்கள்.

திருத்துவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் புரோகிராமை மூடித் திறந்தால்தான் புதியது வரும். காலையில் திறந்தவர்கள் யாரும் சாயங்காலம்வரை மூடுகிற வழக்கம் இல்லை. ஒவ்வொருவராகப் போன் செய்தாள். ஒருவர் “மூடுனா மறுபடியும் வருமா?” என்று மூன்று முறை கேட்டார். ஒருவர் கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வந்தார். பதினோரு மணிக்கு ஏழு ஊர்களில் சாமி மறுபடி சாமையானது.

வேங்கையூரில் மட்டும் நெட் போய்விட்டது. தப்பானதைக் கொண்டுவந்து சேர்க்கும்வரை நன்றாக இருந்த நெட்.

தேவராஜ் கூப்பிட்டார். “ஒரு எழுத்துதானேம்மா?”

“ஒரு எழுத்துதான் சார். சரி பண்ணிட்டேன்.”

“சரி. ஆனா உன் பேரு மெர்சிலின். எழுதுனது சாமி ரெண்டாம் தரம்னு. யார்னா வேற மாதிரி எடுத்துக்கப்போறாங்க.”

அதுவரை அவளுக்கு அது தோன்றவில்லை. தோன்றிய பிறகு வேறெதுவும் தோன்றவில்லை.

அடுத்த பத்தாவது நிமிடம் மறுபடி சக்திவேல். காற்று இரைந்தது. “கீழ சிக்னல் இல்ல, தண்ணி டேங்க் மேல ஏறிப் பேசுறேன் மேடம். இங்க சாமை கொண்டாந்த குப்பம்மாள் அக்கா மூட்டை மேல உக்காந்துகிச்சு. எழுந்திரிக்க மாட்டேங்குது. லாரியில ஏத்த வுட மாட்டேங்குது. இத்த எழுதுன ஆளு வந்து பதில் சொல்லணும்னு சொல்லுது.”

“போன்ல பேசறேன்னு சொல்லுங்க.”

“சொன்னேன் மேடம். டேங்க் மேல ஏற மாட்டேன்னுடுச்சு.”

பகல் பன்னிரண்டு மணி பஸ்ஸில் மெர்சிலின் ஏறினாள். கண்டக்டர் அவளைப் பார்த்தார். “வர்றது நின்னுபோச்சுன்னு நெனச்சேன்,” என்றார். பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டார்.

வேங்கையூர் போய்ச் சேரும்போது அவள் வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லை. வழி நெடுக மனதுக்குள் மன்னிப்பை எழுதி எழுதி அழித்துக்கொண்டு வந்திருந்தாள். நிலையத்தின் முன்னால் லாரி நின்றது. டிரைவர் கீழே நிழலில் படுத்துத் தூங்கினார். உள்ளே, ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து இன்னொரு மூட்டைமேல் காலை நீட்டிக்கொண்டு குப்பம்மாள் இருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மூன்று ஏக்கரைத் தனியாளாகப் பார்ப்பவள். சீட்டு அவள் கையில் இருந்தது.

“நீதானா அது?” என்றாள்.

“நான்தாங்க அக்கா. வேணும்னு எழுதல. கை தவறிப்போச்சு. உங்க மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க. சாமி விஷயத்துல நான் அப்படி எல்லாம்…”

“சாமி கெடக்குது, வுடு,” என்றாள் குப்பம்மாள். “அது கோச்சிக்கினா நான் சமாதானம் பண்ணிக்கிறேன். எங்களுக்குள்ள எவ்வளவோ கீது. ரெண்டுன்னு போட்டுகீறியே, அதுக்குப் பதில் சொல்லு.”

மெர்சிலினுக்கு ஒரு கணம் புரியவில்லை. எழுதி வைத்திருந்த மன்னிப்பு முழுவதும் வேறு கேள்விக்கு.

“தரமா?”

“தரம்தான். நாலு நாள் காயவச்சேன். ராத்திரி பனி பட்டுடப் போவுதுன்னு வூட்டுக்குள்ள வாரி வாரி வச்சேன். போன வருஷம் இதே மாதிரி காயவச்சதுக்கு ஒண்ணுன்னு போட்டீங்க. இந்த வருஷம் இன்னா வந்துச்சு?”

“மெஷின்ல ஈரம் எவ்வளவு வந்துச்சுன்னு பார்த்து அதுவே போடும் அக்கா. நாங்க யாரும் போடறதில்ல.”

“பதினொண்ணு,” என்றான் சக்திவேல். சீட்டிலும் அதேதான் இருந்தது.

பன்னிரண்டுக்கு உள்ளே இருந்தால் தரம் ஒன்று. அந்தக் கணக்கை எழுதியவளே மெர்சிலின்தான். அவள் மூட்டையிலிருந்து ஒரு கை சாமை எடுத்துப் பார்த்தாள். கையில் ஒட்டாமல் வழுக்கி ஓடியது. சக்திவேலிடம் காலையிலிருந்து அச்சடித்த சீட்டுகளின் நகலைக் கேட்டாள். சாமி, தரம் இரண்டு. சாமி, தரம் இரண்டு. ஈரம் பத்து என்று வந்த சாமியும் இரண்டு. கொள்ளு மட்டும் ஒழுங்காக ஒன்று வாங்கியிருந்தது.

லேப்டாப்பை மூட்டைமேல் வைத்துத் திறந்தாள். தரம் பிரிக்கும் கணக்கு சாமை என்ற பெயரில் எழுதப்பட்டிருந்தது. புரோகிராம் சாமி என்ற பெயரோடு வந்து அந்தக் கணக்கைத் தேடியிருக்கிறது. அப்படி ஒரு தானியம் அங்கே இல்லை. கணக்கு கிடைக்காவிட்டால் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு போடும்படி, இரண்டு வருடத்துக்கு முன் அவளே சொல்லி வைத்திருந்தாள். அது சொன்னபடி கேட்டிருக்கிறது.

எட்டு ஊரிலும் கேட்டிருக்கிறது. பதினோரு மணிக்கு முன்னால் சாமை கொண்டுவந்தவர்கள் எல்லோரும் சீட்டைப் பார்த்துச் சிரித்தார்கள், பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார்கள், மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பெயரில் இருந்த வேடிக்கையில் தரத்தை யாரும் பார்க்கவில்லை. ஒரு எழுத்துதான் சார் என்று அவள் சொன்னாளே, அவளும் பார்க்கவில்லை.

“இன்னா சொல்லுது அது?” என்றாள் குப்பம்மாள்.

“நீங்க சொன்னதுதான் சரி அக்கா. உங்க சாமை ஒண்ணு. நான்தான் தப்பு பண்ணிட்டேன்.”

“நீயா, கம்ப்யூட்டரா?”

“நான்தான். அது நான் சொன்னதைத்தான் செய்யும்.”

குப்பம்மாள் காலை மடக்கிக்கொண்டு, “மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துகீது? எதுனா துன்னியா?” என்றாள்.

மெர்சிலின் முதலில் தண்ணீர் டேங்க் ஏணியில் ஏறினாள். மற்ற ஏழு ஊருக்கும் போன் செய்து காலைச் சீட்டுகளின் எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டு, தேவராஜிடம் விஷயத்தை முழுக்கச் சொன்னாள்.

“மொத்தம் எத்தனை சீட்டு?” என்றார்.

“நாற்பத்தொண்ணு சார்.”

“பேரெல்லாம் எடுத்து அனுப்பு. நான் ஊர் ஊரா சொல்லிடறேன். இன்னைக்கு லாரி எதுவும் கிளம்ப வேணாம்.” பிறகு, “அந்த அம்மா எழுந்துடுச்சா?” என்று கேட்டார்.

“இல்ல சார். புதுச் சீட்டு கையில வந்தப்புறம்தான்.”

கீழே வந்து, திருத்திய புரோகிராமைப் பென்டிரைவில் ஏற்றிச் சக்திவேலின் கம்ப்யூட்டரில் போட்டாள். மூட்டையை மறுபடி தராசில் ஏற்றுவதற்காகக் குப்பம்மாள் எழுந்தாள். அதை எழுந்ததாக எண்ணிக்கொள்ளக் கூடாது என்று சக்திவேலிடம் சொல்லிவிட்டே எழுந்தாள். சீட்டு வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். தேதியைப் படித்தாள். ஊர்ப் பெயரைப் படித்தாள். அடியில் இருந்த போன் நம்பரையும் படித்தாள்.

“சரியா கீது. எழுத்தும் நல்லா பெருசா கீது,” என்றாள். “ஏம்மா, எட்டு ஊருக்கு அனுப்புற சமாச்சாரம். அனுப்புறதுக்கு முன்னாடி யார்னா ஒருத்தர் படிச்சுப் பாக்க மாட்டீங்களா?”

“நான் படிச்சேன் அக்கா.”

“எழுதுன நீயே படிச்சா அது இன்னா படிக்கிறது? உனக்குதான் அதுல இன்னா இருக்கணும்னு தெரியுமே. கண்ணு அத்தயே பாக்கும்.”

குப்பம்மாள் வீட்டில் தினைக் களியும் காராமணிக் குழம்பும் சாப்பிடும்போது மெர்சிலின் அதையே யோசித்தாள். எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும் என்று யார் சொன்னது? முதல் நாள் ஓர் ஊருக்கு மட்டும் போகட்டும். அங்கே ஒருவர் படித்துச் சரி என்று சொன்ன பிறகு மற்ற ஏழுக்கும் திறந்துவிடலாம். செய்வதற்கு அரை நாள் வேலைகூட இல்லை.

மறுநாள் தேவராஜிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொண்டார். “அந்த ஓர் ஊர் எது?” என்று மட்டும் கேட்டார். கேட்ட பிறகு அவரே, “சரி சரி, தெரியுது,” என்றார்.

வேங்கையூர் நெட்டுக்கு நிலையத்தின் கூரைமேல் ஓர் ஆன்டெனா வைத்தார்கள். புதிதாக எது போனாலும் சக்திவேல் ஒரு மாதிரிச் சீட்டு அச்சடித்துக் குப்பம்மாள் வீட்டுக்கு எடுத்துப்போனான். தை மாதத்தில் ஒன்று போனது, அன்று மத்தியானமே சரி என்று பதில் வந்தது. மெர்சிலின் போளூரிலேயே உட்கார்ந்து மற்ற ஊர்களுக்குத் திறந்துவிட்டாள்.

பங்குனியில் புளி கொள்முதல் தொடங்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தின வாரம் புதிய பட்டியலைச் சேர்த்து அனுப்பினாள். இந்த முறை மூன்று தடவை படித்திருந்தாள். காலை பத்து மணிக்குப் போன் வந்தது. சக்திவேல் நம்பர்தான், ஆனால் குரல் குப்பம்மாளுடையது.

“ஏம்மா, நம்ம மலையில இதெல்லாம் கொள்முதல் பண்ணா ஃபாரஸ்ட்காரன் சும்மா இருப்பானா?”

“எதை அக்கா?”

“புலி, பதினஞ்சு கிலோன்னு வந்துகீது.” காகிதம் சரசரத்தது. “குட்டி போல. கொட்டை எடுத்ததுன்னு வேற போட்டுகீறே.”

மெர்சிலின் பட்டியலைத் திறந்து பார்த்தாள். பெரிய எழுத்தில் அழகாக இருந்தது புலி. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அந்தப் பக்கமும் சிரிப்பு கேட்டது, சக்திவேலுடையதும் சேர்ந்து.

“சிரிச்சது போதும். மாத்தி அனுப்பு,” என்றாள் குப்பம்மாள். “நான் கம்பங்கொல்லைக்குப் போயிட்டு நாலு மணிக்கு வர்றேன். வந்து படிக்கிறேன். அதுக்குள்ள வேற ஊருக்கு வுட்டுடாத.”

அவள் திருத்தி அனுப்பினாள். நாலு மணிவரை காத்திருந்தாள். நாலே காலுக்குச் சரி என்று வந்தது. மற்ற ஏழு ஊர்களும் மறுநாள் காலை கடை திறந்தபோது, புளி புளியாகவே போய்ச் சேர்ந்தது.