பேருக்குத்தான்

"ஆதாரத்துல உன் பேரு வராதுட்டி. தம்பி பேருதான். நீ சாட்சிக் கையெழுத்துப் போடு, போதும்."

அப்பா நல்லதம்பி இதச் சொன்னப்போ ஆர்த்தி ஒரு கால்ல செருப்பு, ஒரு கால் வெறுங்காலுன்னு நின்னுட்டு இருந்தா. தேவிகுளம் ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கிளம்புற அவசரம். தீபாவளிக்கு எடுத்த சுடிதாரப் போட்டிருந்தா. எடம் வாங்குறவங்கள அங்க போட்டோ புடிப்பாங்கல்ல, அதுக்குத்தான்.

ஆதாரம்னா இங்க பத்திரம், மலையாளத்துல அப்படித்தான் சொல்லுவாங்க. மறையூர்ல கரும்புக்காட்டு ஓரமா நாலு சென்ட். தேடிப் புடிச்சது ஆர்த்தி, விலை பேசுனது ஆர்த்தி, சேத்து வச்ச சம்பளத்த மொத்தமாப் போட்டதும் அவதான்.

அவ வேலையே இதான். சித்திரபுரத்துல மொய்து சாரோட வில்லா கம்பெனி. கொச்சி, கோயமுத்தூர், துபாய்னு எங்க காசு இருக்கோ அங்கெல்லாம் போன் போடுவா, வீடியோவுல வந்து பேசுவா. மலையில ஒரு எடம் வாங்கிப் போடுங்க சார்னு அவ சொன்னா, சும்மா கேட்டுட்டு இருந்தவன்கூட அடுத்த வாரம் காரெடுத்துட்டு வந்துருவான். அப்படி ஒரு வாயி.

"ஏம்ப்பா?"

"ஏம்ப்பாவா? பொம்பளப் பிள்ள பேர்ல எழுதுனா நாளைக்கு உன்னக் கட்டுறவன் வீட்டுக்குப் போயிரும்லா. இந்த லயத்துல எவனாவது மக பேர்ல எழுதியிருக்கானா, சொல்லு? சும்மா பேருக்குத்தாம்ட்டி எழுதுதோம். எடம் எல்லாருக்குந்தான்."

"பேருக்குத்தான்னா என் பேரே இருந்துட்டுப் போகட்டும்."

நல்லதம்பிக்குக் கோவம் வந்துருச்சு. "வாயப் பாரு! ஊர்க்காரன்கிட்ட யாவாரம் பேசிப் பேசி, இப்ப அப்பன்கிட்டயும் யாவாரமா?"

வாசல்ல தம்பி அருண்பாண்டி ஜீப்பத் துடைச்சிட்டு இருந்தான். டூரிஸ்ட் ஓட்டுற வாடகை ஜீப்பு. "யக்கா, சத்தியமா நான் கேக்கல."

"வேண்டாம்னும் சொல்லலியே."

அவன் துடைச்ச கண்ணாடியவே திரும்பத் துடைச்சான்.

அம்மா ராமலட்சுமிக்கு வயசாயிருச்சு, இந்த மாசத்தோட தேயிலை எஸ்டேட்டுல கொழுந்து கிள்ளுற வேலை முடியுது. வேலை முடிஞ்சா வீடும் முடிஞ்சுது. லயத்து லைன் வீடு தேயிலைக் கம்பெனியோடது, சாவியக் குடுத்துட்டு எறங்கிறணும். அவ குனிஞ்சு, அந்த இன்னொரு செருப்ப எடுத்து மக காலுக்கு நேரா வச்சா.

"யாரு பேரா இருந்தா என்ன தாயி, எனக்கு ஒரு கூரை வேணும்லா. போட்டுரு."

ஆர்த்தி செருப்ப மாட்டிக்கிட்டா.

ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஆதாரம் எழுதுற ஜின்சன் இருந்தான். இத்தன நாளும் இந்த எடத்துக்காக அவன்கிட்ட போன்ல பேசுனது ஆர்த்திதான். அதனால விரல் வைக்கிற மிஷின அவ பக்கமே தள்ளுனான். "வா மோளே, விரல் வை."

அவ விரலு பாதி தூரம் போயிருச்சு.

"அவ இல்ல சாரே," நல்லதம்பி சிரிச்சுக்கிட்டே மகனத் தோளப் புடிச்சு முன்னால தள்ளுனாரு. "வாங்குறது இவன்."

ஜின்சன் ஆர்த்தியப் பாத்தான். அவ சுவரப் பாத்தா. போட்டோவும் அருண்பாண்டியத்தான் புடிச்சாங்க. அவ சாட்சிக்கான எடத்துல கையெழுத்தப் போட்டுட்டு, துப்பட்டாவ இழுத்து விட்டுட்டு வெளிய வந்தா.

திரும்பும்போது மொய்து சார் ஆபீசுக்குள்ள கூப்பிட்டாரு. பாலக்காட்டுப் பக்கத்துக்காரரு, நல்ல மனுசன். லட்டு வாங்கி வச்சிருந்தாரு. மகன் பேர்ல எடம் முடிஞ்சுதுன்னு நல்லதம்பி முந்திக்கிட்டுச் சொன்னாரு.

"லயத்துல பொறந்த பையன் நெலம் வாங்கிட்டான், நீங்க எப்பங்கன்னு ஒரு வீடியோ போடலாம்மா. பாத்துட்டு அவனவன் ஓடி வருவான். நீயே பேசு, உன்ற குரல்தான் எடுபடும்."

அப்பனையும் மகனையும் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னாடி நாற்காலியில உக்கார வச்சாரு. பின்னால தேயிலை பச்சப்பசேல்னு. ஆர்த்தி பக்கத்துல நின்னா. மொய்து போனத் தூக்கிப் புடிச்சாரு.

"வணக்கங்க. காலங்காலமா லயத்துல இருந்த குடும்பம் இது. இன்னைக்கு மறையூர்ல சொந்தமா எடம் வாங்கியாச்சு. வாங்கினது ஆர்த்தி."

மொய்து சிரிச்சாரு. "பேரு மாறிப் போச்சும்மா. அருண்பாண்டின்னு சொல்லோணும்."

"சரி சார்."

திரும்ப ஆரம்பிச்சா. அதே தெளிவு, அதே சிரிப்பு, கஸ்டமருக்குன்னு வச்சிருக்குற சிரிப்பு. "...வாங்கினது ஆர்த்தி."

லட்டு பாதி வாயில இருக்க நல்லதம்பி நிமிந்தாரு. "ஏட்டி..." மொய்து அவரப் பாத்தாரு, அவளப் பாத்தாரு. வெளங்கிருச்சு. அருண்பாண்டி எந்திரிச்சு, தலையக் குனிஞ்சுக்கிட்டு வெளிய போயிட்டான். ஜீப்பு கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு.

"போதும்மா," மொய்து செல்போன மேசையில கவுத்தி வச்சாரு. "வீடியோ வேண்டாம்."

"இல்ல சார், சொல்லிருதேன்."

கேமரா இல்ல. எதுக்க கஸ்டமரும் இல்ல. அவ நேராப் பாத்து வணக்கங்கன்னு ஆரம்பிச்சா. சிரிப்பு இன்னும் மொகத்துலயே இருந்துச்சு, கண்ணுல இருந்து தண்ணி ஊத்துச்சு, அதத் துடைக்கக்கூட இல்ல.

"வாங்கினது ஆர்த்தி,"ன்னு சொன்னா. "ஆர்த்தி சார். ஆர்த்தி."