கடைவாய்ப்பல் பிடுங்கிய மாலை

அன்று அந்தப் பல் மருத்துவமனையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா. நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்த எட்டு மணிச் செய்தி வாசிப்பாளர். வெளியே பெஞ்சில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா. எக்ஸ்ரே அறைக் கதவின் இடுக்கில் ஃபோனைப் பிடித்தபடி, இணையத்தில் போராட்டப் பக்கம் நடத்தும் அட்மின். தங்கச்சியின் பச்சை ஏப்ரனையும் முகக்கவசத்தையும் மாட்டிக்கொண்டு, எச்சில் உறிஞ்சும் குழாயோடு நான்.

அந்தக் குழாயைப் பிடிக்க வேண்டியவள் தங்கச்சி. அவள் சிறையில் இருந்தாள்.

மின்கட்டணத்தை இரண்டு மடங்காக்கியதும் ஊரே தெருவுக்கு வந்திருந்தது. ஒரு நாள் இருட்டுகிற நேரத்தில் பாலத்தடியில் போலீஸ் லாரியைக் கொளுத்தினார்கள். தீ பிடிப்பதற்கு முன் ஒரு பெண் அதன் மேல் ஏறி நின்று கையை உயர்த்தினாள். முகத்தில் துணி கட்டியிருந்தாள், கண் மட்டும்தான் தெரிந்தது. யாரோ எடுத்த அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. வெளிநாட்டுச் சேனல் அவளை விடுதலையின் மகள் என்றது. எங்கள் நாட்டுச் சேனல் கூலிக்கு வந்த தீவிரவாதி என்றது. இணையத்தில் ‘அவள் கண்கள்’ என்று பேர் வைத்து, ஆளாளுக்கு அதையே முகப்புப் படமாக வைத்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு எங்கள் ஊர் எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

லாரியின் டீசல் டாங்கி வெடித்தபோது என் தங்கச்சி இதே அறையில், இதே செய்தி வாசிப்பாளரின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. டாக்டரம்மாவின் கை நழுவி அவர் ஈறு கிழிந்தது. மூன்று தையல். அதைப் பிரிக்கத்தான் மனிதர் இப்போது வந்திருந்தார்.

மறுநாள் ஸ்டுடியோவில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, “இந்தக் கண்ணை எங்கேயோ பாத்திருக்கேன், பல் டாக்டர்கிட்ட இருக்கிற பொண்ணு மாதிரி” என்று சொன்னவரும் இவர்தான். செய்தி ஆசிரியர் உடனே ஃபோனை எடுத்தார். அன்று மாலையே தங்கச்சியை அள்ளிக்கொண்டு போனார்கள். இதையெல்லாம் போலீஸ்காரர்களே டாக்டரம்மாவிடம் சொல்லிப் பெருமையடித்திருக்கிறார்கள். “அந்த நேரத்துல அவ என் பக்கத்துல நின்னா” என்று டாக்டரம்மா சொல்லப் போனதற்கு, “தீவிரவாதிக்கு வேலை குடுத்தவங்க பேச்சை யார் கேப்பா, லைசன்ஸைப் பத்திரமா வச்சுக்குங்க” என்று அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்பாவின் கண்தான். முட்டைக்கண். அவளை முட்டைக்கண்ணி என்று முதலில் கூப்பிட்டவன் நான். அது உலகப் புகழ் பெறும் என்று யார் கண்டது.

வழக்கு திங்கட்கிழமை வருகிறது. அதற்குள் செய்தி வாசிப்பாளர் வாயைத் திறந்து, அவள் என் கூடத்தான் இருந்தாள் என்று வாக்குமூலம் கொடுத்தால் அன்றே வெளியே எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் ஆகும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் நான் ஏப்ரன் கட்டினேன்.

டாக்டரம்மா இரண்டு தையலைப் பிரித்தார். செய்தி வாசிப்பாளர் என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கை நாற்காலியின் பிடியை இறுக்கியது.

“நீ அந்தப் பொண்ணு இல்லையே?”

“இல்ல. அவ உள்ள இருக்கா. நான் அவ அண்ணன்.” முகக்கவசத்தை இறக்கினேன். “கண்ணை வச்சே ஆள் கண்டுபிடிப்பீங்களாமே. மீசை வச்சவனைக்கூடப் பொண்ணுன்னுட்டீங்க.”

எழப் பார்த்தார். நாற்காலி சாய்ந்திருந்ததால் கவிழ்த்துப்போட்ட கரப்பான்பூச்சி மாதிரி கைகாலை அசைக்கத்தான் முடிந்தது.

“டாக்டர், இதெல்லாம் நல்லா இல்ல.”

“இன்னும் ஒரு தையல் பாக்கி இருக்கு,” என்றார் டாக்டரம்மா. கத்தரியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். “இவங்ககிட்டப் பேசி முடிங்க. நான் எங்கேயும் போகல.”

சத்தம் கேட்டு அம்மா உள்ளே வந்தாள். கூச்சல் போடுவாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலி ஓரமாக நின்று, நோயாளியைப் பார்க்க வந்தவள் மாதிரி நிதானமாகப் பேசினாள்.

“தம்பி, உங்களைப் பாக்காம நான் ராத்திரி தட்டுல கை வச்சதில்ல. நீங்க சொன்னா அது நெசம். என் பிள்ளைங்க ரெண்டும் என்னைக் கிண்டல் பண்ணும். அன்னைக்கு என் பொண்ணு பேரை வாசிச்சீங்க. ஒரு நிமிஷம், இவ செஞ்சிருப்பாளோன்னு எனக்கே தோணிடுச்சு. பெத்தவளுக்குத் தோணலாமா? மத்தது எதை மன்னிச்சாலும் அதை மன்னிக்க மாட்டேன்.”

அவர் மேலே இருந்த விளக்கைப் பார்த்தபடி சொன்னார்.

“மாதிரின்னுதாம்மா சொன்னேன். எடிட்டர்தான் அந்த ‘மாதிரி’யை எடுத்துட்டாரு.”

“அவரு எடுத்தாரு. நீங்க வாசிச்சீங்க,” என்றேன்.

“ஆமா. அந்தக் கண்ணை அடையாளம் சொன்னது நான்தான். ஒத்துக்கறேன். ஆனா சத்தம் கேட்டப்போ அவ இங்கதான் நின்னா. ‘அசையாதீங்க சார், ஒண்ணுமில்ல’ன்னு என் தலையைப் பிடிச்சது அவதான். எனக்கு அப்புறமாத்தான் உறைச்சுது.”

“அப்புறம்னா எப்போ?”

“வாசிச்சுக்கிட்டு இருக்கும்போது. லாரி வெடிச்ச நேரம்னு ஒரு வரி வந்துச்சு. நாக்கு தையல்ல பட்டுச்சு.”

“ஆனாலும் வாசிச்சு முடிச்சீங்க.”

“முடிச்சேன்.”

“இதையே போலீஸ்ல வந்து சொல்றீங்களா?”

“எனக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்காங்கப்பா.”

டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டு மூன்றாவது தையலைப் பிரித்தார். இந்தக் கதையில் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய ஒரே ஆள் அவர்தான்.

அட்மினும் ஒரு சொல் கொடுத்திருந்தான். நான் பாதியில் விட்ட கல்லூரியில் அவன் என் பக்கத்து இருக்கைக்காரன். படித்து முடித்துவிட்டுப் புகைப்பட ஸ்டுடியோவில் ஆல்பம் வடிவமைக்கிறான். அது வயிற்றுக்கு. மற்ற நேரமெல்லாம் பல லட்சம் பேர் பின்தொடரும் போராட்டப் பக்கத்தை நடத்துகிறான். அந்த ஆள் வாயைத் திறந்தால் முழுதாகப் போடுவேன், ஒரு வரி வெட்ட மாட்டேன் என்று என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தான். நல்ல கேமரா அவன் ஃபோனில்தான் இருந்தது.

அன்று இரவு வேலைக்குப் போனேன். குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குவது என் பிழைப்பு. இடைவேளையில் கூட வேலை செய்பவன் ஃபோனை நீட்டினான். “பாரு, உன் தங்கச்சி விஷயம்தான். இன்னைக்கு உலகமே இதைத்தான் பாக்குது.”

பார்த்தேன். செய்தி வாசிப்பாளர் நாற்காலியில் படுத்திருக்கிறார். “ஆமா. அந்தக் கண்ணை அடையாளம் சொன்னது நான்தான். ஒத்துக்கறேன்.” அவ்வளவுதான். அடுத்த வார்த்தை ‘ஆனா’. அதற்கு முன் வெட்டியிருந்தான். கீழே, ‘காட்டிக்கொடுத்தவன் வாயாலேயே ஒப்புதல்’ என்று கொட்டை எழுத்து. கொஞ்ச நேரத்தில் வெளிநாட்டுச் சேனல் அதையே மொழிபெயர்த்துப் போட்டது. லாரி மேல் நின்றது என் தங்கச்சிதான் என்று எங்கள் அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது உலகமும் அதையே சொன்னது. ஒன்றையொன்று பார்த்து நாயாகக் குரைத்துக்கொண்ட இரண்டு பக்கமும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணன் தம்பி ஆகிவிட்டன.

வேலை முடிந்ததும் நேராக அட்மினின் அறைக்குப் போனேன். சுவர் முழுக்க ‘அவள் கண்கள்’. போஸ்டர், ஸ்டிக்கர், பனியன்.

“மீதி எங்கடா?”

“உக்காரு மச்சான். தண்ணி குடி.”

“மீதி எங்க?”

“அழிச்சுட்டேன். குழுவுல ஓட்டுப் போட்டோம். முழுசாப் போட்டா லாரி மேல நின்னது உன் தங்கச்சி இல்லேன்னு ஆயிடும். அவ இல்லேன்னா நாளைக்கே வெளிநாட்டுக்காரன் வேற ஊருக்கு கேமராவைத் திருப்பிடுவான். உள்ள இருக்கிற மத்தவங்களை அடிச்சே கொன்னாலும் கேக்க நாதி இருக்காது.”

“அவ லாரி மேல ஏறவே இல்ல.”

“தெரியும். ஏறினவ எங்கேயோ ஒளிஞ்சிருக்கா. உன் தங்கச்சி இல்லேன்னா அவளைத் தேடுவாங்க. அவளைக் காட்டிக்கொடுக்கச் சொல்றியா?”

அது பொய்யான வாதம் என்று என்னால் சொல்ல முடியாது. அதுதான் எரிச்சல். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்துக்கான விலையை மட்டும் என் வீட்டிலிருந்து எடுத்திருந்தான்.

“என் தங்கச்சிகிட்டக் கேட்டியா?”

“உள்ள இருக்கிறவகிட்ட எப்படிடா கேக்கறது?”

“கேக்காம எப்படிடா குடுக்கறது?”

திரையில் வீடியோவைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. பேசும்போதும் அவன் கண் அதில்தான் இருந்தது.

அந்த வாரம் தங்கச்சியைப் பார்க்க விட்டார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள்.

“என் கண்ணைச் சுவரெல்லாம் வரைஞ்சிருக்காங்களாமே. கருவளையத்தையும் சேத்து வரையச் சொல்லு.”

“விளையாடாத.”

“அண்ணே, ஒண்ணு சொல்லவா? அன்னைக்கு ஊர்வலத்துக்குப் போகணும்னு நெனச்சேன். டாக்டரம்மா லீவு தரல. பல்லு பிடுங்கற கேஸ் இருக்கு, யாரோ டிவிக்காரராம், நீ இல்லாம முடியாதுன்னுட்டாங்க.” “அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவமே இல்ல. பொறாமைதான். அவ போனா. நான் டிவிக்காரர் வாயில குழாயைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். செய்யாததுக்குக் கைதட்டறாங்க, செய்யாததுக்கு உள்ள வைக்கறாங்க. அந்த ஆளை எப்படியாவது பேச வை.”

நான் பேச வைக்கவில்லை. இணையம் வைத்தது. செய்தி வாசிப்பாளரின் வீட்டு முகவரியை யாரோ போட்டுவிட்டார்கள். ஜன்னல் கண்ணாடி உடைந்தது. சேனலின் ரகசியத்தை வெளியே உளறினார் என்று சேனல் வேலையை விட்டு நீக்கியது. மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். சவரம் செய்யாத முகத்தில் அவரை அடையாளமே தெரியவில்லை. மனசாட்சி உறுத்தி வந்தார் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். இழக்க ஒன்றும் மிச்சம் இல்லாததால் வந்தார்.

“வாங்க, ஸ்டேஷனுக்குப் போலாம். சொல்லிடறேன்.”

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “இப்போ எட்டு மணிக்கு ஒரு பொண்ணு வாசிக்குது. உச்சரிப்பே சரியில்ல,” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். சிறைக்குக் கொண்டுபோகும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டாள். தங்கச்சி வெளியே வரும்போது கட்டிக்கொள்ள நல்லதாக ஒன்று வேண்டும் என்று மேலேயே மடித்து வைத்திருந்தாள்.

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் எழுந்து கை கொடுத்தார். “சாரை டிவியிலதான் பாத்திருக்கேன்.” நாற்காலி போட்டார். செய்தி வாசிப்பாளர் சொன்னார். பல், வெடிச் சத்தம், கிழிந்த ஈறு, தலையைப் பிடித்த கை. ஒன்றையும் விடவில்லை. பழக்கதோஷம், நிறுத்தி நிதானமாக, வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். வாயைத் திறந்து தழும்பைக்கூடக் காட்டினார். இன்ஸ்பெக்டர் எதையும் எழுதவில்லை. தன் ஃபோனை எடுத்து மேஜைமேல் வைத்து ஓட விட்டார்.

‘அந்தக் கண்ணை அடையாளம் சொன்னது நான்தான். ஒத்துக்கறேன்.’

“இது நீங்கதானே?”

“நான்தான். ஆனா அது பாதி. மீதியை வெட்டிட்டாங்க.”

“மீதி எங்க?”

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“இருந்தாக் கொண்டு வாங்க, பாக்கறேன்,” என்றார் இன்ஸ்பெக்டர். “உங்க சேனல் சொல்லுது அவதான்னு. வெளிநாட்டுக்காரன் சொல்றான் அவதான்னு. போராட்டக்காரங்க போஸ்டரே ஒட்டிட்டாங்க. அவ இல்லேன்னு சொல்றது நீங்க ஒருத்தர்தான். அதுவும் வேலை போனதுக்கு அப்புறம். இந்தக் குடும்பம் உங்களுக்கு என்ன குடுத்துச்சு சார்?”

“பல்லு பிடுங்கும்போது தலையைப் பிடிச்சுக்கிட்டா. அவ்வளவுதான் குடுத்தா.”

“அப்போ முன்னாடி சொன்னது பொய், இல்ல இப்போ சொல்றது பொய். எதுன்னு உள்ள உக்காந்து பேசிக்கலாம். எழுந்திருங்க.”

கான்ஸ்டபிள் வந்து அவர் தோளைத் தொட்டார். செய்தி வாசிப்பாளர் எழுந்தார். கசங்கிய சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டார், கேமராவுக்கு முன் போகிறவர் மாதிரி. அம்மா குறுக்கே போய் நின்றாள்.

“எங்க கூட்டிட்டுப் போறீங்க? சாட்சி சொல்ல வந்தவருங்க.”

“சாட்சிதாம்மா. பத்திரமா இருக்க வேண்டாமா,” என்றார் கான்ஸ்டபிள்.

“நாளைக்குக் கோர்ட்டுல அவரு பேசணும்.”

“யாரு பேசணும்னு நாங்க பாத்துக்கறோம். நீங்க வீட்டுக்குப் போங்க.”

பின்பக்கம் ஒரு இரும்புக் கதவு இருந்தது. அதைத் தாண்டும்போது அவர் திரும்பி அம்மாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கான்ஸ்டபிள் கதவை இழுத்துச் சாத்தினார். சாவியை இரண்டு முறை திருப்பி, பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.